ஏழரை மணி அழைப்பு: ஊரடங்கில் ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நிகழ்வு ஆய்வு

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியரிடம். ஒன்று முதல் மூன்று வரை என்னிடம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியைப் பூட்டினோம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021 ஜனவரியில் பள்ளி திறந்தது, சில மாதத்தில் மறுபடி மூடியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை செப்டம்பர் 1இல் திரும்ப வந்தார்கள். எங்கள் சின்னப் பிள்ளைகளின் முறை வந்தது 2021 நவம்பர் 1இல்தான். பத்தொன்பது மாதத்துக்கு மேல். 2020 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, முதன்முதலாக வகுப்பறைத் தரையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

2020-21இல் என் பட்டியலில் இருந்த 23 பிள்ளைகளைப் பற்றியது இந்த ஆய்வு. மூன்றாம் வகுப்பினர் மறுவருடம் தலைமையாசிரியரிடம் போன பிறகும் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. ஊர்ப் பெயரும் பிள்ளைகள் பெயரும் இங்கே வேண்டாம். இதில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்று நாம் எதை நடத்தினாலும், அதை நிஜத்தில் நடத்துகிறவர் அந்த வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அவருக்குக் கைகொடுக்காமல் பிள்ளைக்கு மட்டும் பாடம் அனுப்பிக்கொண்டிருந்தால் எதுவும் நகராது. எனக்கு இது புரிய மூன்று மாதம் ஆனது.

முதல் மூன்று மாதம்

எல்லாரையும் போல நானும் வாட்ஸ்அப் குரூப்தான் ஆரம்பித்தேன். காலை பத்து மணிக்கு ஒரு வீடியோ, பதினொன்றுக்கு இன்னொன்று, மதியம் வீட்டுப்பாடம். பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் கியூஆர் கோடை எப்படித் தட்டுவது என்று ஒரு விளக்கப் படம். கல்வித் தொலைக்காட்சியில் எந்த வகுப்புக்கு எப்போது பாடம் என்ற அட்டவணை. மாலையில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். ஒழுங்காக அனுப்பும் நாலைந்து வீடுகளுக்குக் குரூப்பிலேயே கைதட்டல் போடுவேன். அனுப்பாத வீடுகளின் பெயரையும் குரூப்பிலேயே போட்டு, ஏன் அனுப்பவில்லை என்று கேட்பேன்.

இந்தக் கடைசிப் பழக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. ஒரு நாள் ஒரு அம்மா குரூப்பை விட்டு விலகினார். கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர், போன் அவர்கிட்டதான் இருக்கு. காலையில ஆறு மணிக்கு வேலைக்கு எடுத்துட்டுப் போயிருவாரு. ராத்திரி வந்து பார்த்தா எம் புள்ள பேர் எல்லார் முன்னாடியும் கெடக்குது" என்றார். அவர் கணவர் கொத்தனார். அவருக்கு நாளைய வேலை வருவதே அந்தப் போனில்தான்.

மறுநாளே முகக்கவசம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆகஸ்டில் சேர்க்கைக்காகப் போகும்போதே இதைச் செய்திருக்க வேண்டும். 23 பிள்ளைகள், 19 வீடுகள். டச் போன் இருந்தது 11 வீட்டில். அதில் பகலில் வீட்டிலேயே இருக்கும் போன் 4. பட்டன் போன் மட்டும் இருந்தது 7 வீட்டில். ஒரு வீட்டில் எந்தப் போனும் இல்லை. அதாவது நான் பத்து மணிக்கு நடத்திய வகுப்பு 4 வீட்டுக்கான வகுப்பு. அந்த நாலிலும் ஒரு வீட்டில் எட்டாம் வகுப்பு அண்ணனுக்கும் அதே நேரத்தில்தான் வகுப்பு.

நாடு முழுக்கக் கதை ஏறக்குறைய இதுதான். 2018இல் கிராமப்புற மாணவர் வீடுகளில் 36.5 சதவீதத்தில் இருந்த ஸ்மார்ட்போன், 2020இல் 61.8 சதவீதத்துக்கு ஏறியது என்று, கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பு நிலையை வீடு வீடாகப் பார்க்கும் அசர் ஆய்வு சொன்னது. கேட்பதற்கு நல்ல உயர்வு. ஆனால் 2021 ஆய்வில் ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளிலேயே கால்வாசிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை என்று வந்தது. போன் வீட்டில் இருப்பது ஒன்று, பிள்ளை கையில் இருப்பது ஒன்று. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் போன் முதலில் போவது பெரிய வகுப்புப் பிள்ளைக்குத்தான். ஒன்றாம் வகுப்புக் குழந்தை வரிசையில் கடைசி.

படத்தில் தெரியாதது

வீட்டுக்குப் போனதில் இன்னொன்றும் கிடைத்தது. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தினமும் அழகான எழுத்தில் வீட்டுப்பாடம் அனுப்புவாள். நானும் தினமும் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு தடவை எழுதிக் காட்டு தங்கம்" என்றேன். 'அ' எழுதினாள். கடைசியில் இழுக்க வேண்டிய நேர்கோட்டை முதலில் போட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து சுழியில் முடித்தாள். எழுத்து பார்க்க 'அ' மாதிரியேதான் இருந்தது. அக்கா புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறாள், இவள் எந்தப் பக்கத்திலிருந்தோ புள்ளிகளைச் சேர்த்திருக்கிறாள். பிறகு 'கெ' எழுதச் சொன்னேன். முதலில் 'க' போட்டாள், அதற்குப் பின்னால் கொம்பு போட்டாள்.

தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். காதில் 'க்' முதலில் கேட்கிறது, 'எ' பின்னால் கேட்கிறது. அந்தக் குழந்தை கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறாள். அவள் தப்பில் ஒரு நியாயம் இருந்தது. வகுப்பறையில் என்றால் பக்கத்தில் குனிந்து பார்த்த ஒரு நிமிடத்தில் பிடித்திருப்பேன். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு மூன்றும் எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும் என்பதை விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்துப் பழகியவர்கள் நாங்கள். போனில் வந்த படத்தில் எழுத்து தெரிந்தது, விரல் போன வழி தெரியவில்லை. மூன்று மாதம் நான் பாராட்டிக்கொண்டிருந்தது அவள் அக்காவின் புள்ளிகளை.

அக்காக்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் பெரும்பாலும் ஏழாவது, எட்டாவது படிக்கும் பெண் பிள்ளைகள். தண்ணீர் எடுத்து, அடுப்பு பார்த்து, தன் பாடமும் படித்து, அதற்கு மேல் தம்பி தங்கைக்கு டீச்சர் வேலை. நானும் வசதியாக அவர்கள் மேல் சாய்ந்துகொண்டேன். அந்தப் பிள்ளைகள் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அது அவர்கள் வேலை கிடையாது.

மாற்றியது

நானும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து பேசினோம். ஆன்லைன் வகுப்புகளுக்காக மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட பிரக்யதா வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுக்கு மேல் கூடாது என்றது. எங்கள் ஊரில் அந்த இரண்டு அமர்வுக்கே வழியில்லை. அப்படியானால் எது எல்லா வீட்டுக்கும் எட்டும்? சாதாரண போன் அழைப்பு. வாங்குகிறவருக்குச் செலவில்லை, டேட்டா வேண்டாம், பட்டன் போன் போதும். எங்கள் போனில் அன்லிமிடெட் பேக் இருந்தது.

கணக்குப் போட்டோம். 19 வீடு, வீட்டுக்கு வாரம் ஒரு முறை 15 நிமிடம் என்றால் மொத்தம் 285 நிமிடம். ஐந்து மணி நேரம்கூட இல்லை. வாரத்தில் நாலு நாள், நாளைக்கு ஐந்து வீடு என்று வைத்தால் மாலை ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரம் ஏழரை. அப்பா வேலையிலிருந்து போனோடு வந்திருப்பார், சாப்பாடு தயாராகிக்கொண்டிருக்கும், பிள்ளை தூங்கியிருக்காது. போனே இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் போனைக் கொடுக்க ஒத்துக்கொண்டார். அவர் பிள்ளை எங்கள் பள்ளியில் படிக்கவில்லை, ஆனாலும் ஒரு வாரம்கூட மறுக்கவில்லை.

அழைப்பில் என்ன பேசுவது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் வாரம் நான் பிள்ளையிடமே பேசினேன். பிள்ளை தலையாட்டும், எனக்குத் தெரியாது. இரண்டாம் வாரம் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பெரியவரோடு பேச ஆரம்பித்தேன். ஒரு வீட்டில் அம்மா அப்பா இருவரும் திருப்பூரில். பேரனைப் பார்த்துக்கொண்டது பாட்டி.

"எனக்கு எழுத்து தெரியாதே டீச்சர். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போறேன்?"

"எழுத்து வேணாம் பாட்டி. வீட்டுல புளியங்கொட்டை இருக்கா? பத்து எடுங்க. ஒரு கொட்டாங்குச்சியும் எடுத்துக்குங்க."

பத்தையும் பேரன் எண்ண வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொள்ள, பாட்டி கொஞ்சத்தைக் கொட்டாங்குச்சிக்கு அடியில் வைத்துவிட வேண்டும். வெளியே இருப்பதைப் பார்த்து, உள்ளே எத்தனை என்று அவன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பாட்டிக்கு மூன்றாவது ஆட்டத்தில் பிடிபட்டுவிட்டது. "இது பல்லாங்குழி மாதிரில்ல இருக்கு" என்றார். அடுத்த வாரம் நான் கூப்பிடும்போது அவரே இருபதுக்குப் போயிருந்தார். நான் சொல்லாமலே, பேரனைக் கொட்டையை மறைக்கவிட்டு, தான் தப்பாகச் சொல்லி அவனைத் திருத்தவும் வைத்திருந்தார். கூட்டலும் கழித்தலும் ஒன்றின் இரண்டு பக்கம் என்று பயிற்சி வகுப்பில் நாங்கள் அரை நாள் கேட்ட விஷயம் அது.

வாசிப்புக்கு வேறு வழி. எழுதப் படிக்கத் தெரிந்த அம்மாக்களிடம், "நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அவ விரல் வச்சுக் கூட வரட்டும், தப்பா சொன்னாத் திருத்தாதீங்க, அடுத்த தடவை நீங்க சரியா வாசிச்சாப் போதும்" என்று கேட்டுக்கொண்டேன். திருத்தாதீங்க என்பது பல பேருக்கு ஒப்பவில்லை. அடிக்காமல் படிப்பு வருமா என்று ஒரு அப்பா நேராகவே கேட்டார். நாலு வாரம் மட்டும் பாருங்கள் என்றேன். அவர் கடைசி வரை ஒப்புக்கொண்டாரா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பையன் புத்தகத்தை எடுத்தால் அழுவது நின்றது.

குரூப்பை மூடவில்லை. அதன் வேலையைக் குறைத்தேன். வாரத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ், ஒரு கதை, நாலு நிமிடம். படம் அனுப்பச் சொல்வதில்லை. யார் பெயரையும் போடுவதில்லை. பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு.

அரிசி நாளும் பழைய அட்டைகளும்

சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு போன்ற உலர் உணவுப் பொருட்களைப் பள்ளியில் வைத்துப் பெற்றோரிடம் கொடுத்தார்கள். அந்த நாளில் எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் பையோடு வருவார். அந்தக் காலத்தில் எங்களுக்கு முழு வருகை இருந்த நாட்கள் அவைதான். சத்துணவு அமைப்பாளர் அளந்து போடும் மேசைக்கு அடுத்து நான் ஒரு மேசை போட்டேன். அரிசி வாங்கியவர் என் மேசையைத் தாண்டித்தான் போக முடியும்.

என் மேசையில் இருந்தவை பழைய அட்டைகள். செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருடத்தில் தமிழ்நாடு முழுக்க வந்தபோது ஒவ்வொரு பள்ளிக்கும் பாட வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, தட்டு, பாட அட்டைகள் என்று கொடுத்தார்கள். பிறகு முறை மாறியது, அட்டைகள் பீரோவுக்குள் போயின. தூசி தட்டி எடுத்தோம். ஒரு பிள்ளைக்கு ஐந்து அட்டை, ஒரு பிளாஸ்டிக் கவரில். அடுத்த அரிசி நாளில் அதைத் திருப்பிக் கொடுத்து, வேறு ஐந்து வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை தானாகப் பார்த்து, எடுத்து, தன் வேகத்தில் முடிக்கும்படி செய்யப்பட்ட பொருள் அது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அப்போது பார்க்கவில்லை.

அந்த மேசைதான் வீட்டு நிலவரம் தெரிந்த இடமும். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் காய்ச்சல், யார் ரீசார்ஜ் போட முடியாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே நின்றபடி காதில் விழும். பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

வெளியே நடந்தவை

நாங்கள் செய்தது புதுசு ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் 2020இல் பள்ளிகள் மூடியபோது, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கணக்கு குறுஞ்செய்தியில் போனது. இன்னொரு பிரிவுக்குக் குறுஞ்செய்தியோடு 15, 20 நிமிட அழைப்பும் போனது. அழைத்தவர் பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து வைத்து அந்தக் கணக்கைப் போட வைத்தார். அழைப்பு வந்த பிரிவில் பிள்ளைகளின் கணக்கு முன்னேறியது. குறுஞ்செய்தி மட்டும் போன பிரிவில் சொல்லும்படியான பலன் இல்லை. என் குரூப் வீடியோக்களுக்கும் ஏழரை மணி அழைப்புக்கும் இடையே நான் பார்த்த வித்தியாசத்தை அந்த முடிவு எனக்கு விளக்கியது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் எவ்வளவு இழப்பு என்பதையும் பொருளியல் ஆய்வாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் அளந்தார்கள். அதே கிராமங்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்ட விலக்க (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு) அளவும், தமிழில் 0.34 அளவும் பின்தங்கியிருந்தார்கள். தமிழில் இழப்பு பாதிதான். வீட்டில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, வகுத்தல் விழுவதில்லை. காரணம் அதுவாக இருக்கலாம் என்பது என் எண்ணம். படிப்பு வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள். நம்பிக்கை தரும் பகுதியும் அதே ஆய்வில் இருக்கிறது. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் ஏறத்தாழ 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தால் வந்தது.

இல்லம் தேடிக் கல்வியை முதலமைச்சர் ஸ்டாலின் 2021 அக்டோபர் 27இல் மரக்காணத்துக்கு அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்தார். ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், அவர்கள் தெருவிலேயே வகுப்பு நடந்தது. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் ஊரில் வந்தது பி.காம் முடித்த ஒரு பெண். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் பாய் விரித்து நடத்தினாள். முதல் நாள் நான் அவளிடம் கொடுத்தது அழைப்புக் குறிப்பேட்டை. எந்தப் பிள்ளைக்குக் கொம்பு குழம்பும், யார் பத்தைத் தாண்டத் திணறுகிறான், எந்த வீட்டில் யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அவள் வகுப்பில் அம்மாக்கள் ஓரமாக வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பள்ளிக்குள் வரத் தயங்கும் அதே அம்மாக்கள்.

நவம்பரில் பார்த்தது

பள்ளி திறந்த அந்த நவம்பர் கடும் மழை மாதம். விடுமுறை போக மிச்ச நாட்களில் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துப் பார்த்தேன். 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் 7 பேர். நாலு பேர் படம், மரம் போன்ற எளிய சொற்களை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். மூன்று பேருக்கு உயிரெழுத்தே முழுதாக இல்லை. ஏழு பேரும் இருபது வரை பொருளை வைத்துக் கூட்டினார்கள். பொருளை எடுத்துவிட்டு எழுத்தில் கேட்டால் இரண்டே பேர். மூன்றாம் வகுப்பிலிருந்து போனவர்கள் கடன் வாங்கிக் கழித்தலை அடியோடு மறந்திருந்தார்கள். அதைப் போனில் சொல்லிக் கொடுக்க முயன்று நான் தோற்றேன். இடமதிப்புக் கட்டங்களைக் கண்ணால் பார்க்காமல் அது நடக்கவில்லை.

அழைப்புகள் இல்லாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று என்னிடம் ஒப்பிட ஆள் இல்லை, அதனால் இதை அழைப்பின் வெற்றி என்று எழுத மாட்டேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். முதல் நாள் ஒரு குழந்தைகூட என்னைப் பார்த்து மிரளவில்லை. குரல் தெரிந்திருந்தது. "நீங்கதான் ஏழரை மணி டீச்சரா?" என்று ஒருத்தி வாசலிலேயே கேட்டாள். கொம்பைப் பின்னால் போட்டவள் அவள்தான். இப்போது சரியாகப் போடுகிறாள்.

கைநழுவிய இருவர்

23 பேரில் இரண்டு பேரை நாங்கள் விட்டுவிட்டோம். அக்காவும் தம்பியும். 2021 பொங்கல் முடிந்ததும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். கையிலிருந்த எண் அணைந்திருந்தது. நாலு வாரம் கூப்பிட்டுவிட்டு, குறிப்பேட்டில் கோடு போட்டுவிட்டேன். ஜூலையில் திரும்பியபோது தம்பிக்குத் தெரிந்திருந்த எழுத்துகளும் போயிருந்தன.

2022 ஜனவரியில் சூளைக்குக் கிளம்பும் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சூளை மேஸ்திரியின் எண்ணை வாங்கினேன். அட்டைகளை அரிசிப் பைக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். வட்டார வள மையத்தில் சொல்லி, சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கக் கேட்டோம். சேர்ந்தது பிப்ரவரி கடைசியில். அதுவரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி போனுக்குக் கூப்பிடுவேன். பாதி நாள் எடுப்பார். ஒரு ஞாயிறு அக்கா பேசினாள். புளியங்கொட்டை இல்லை என்றாள், ஆனால் கல் இருக்கிறதாம். பத்துப் பத்தாக அடுக்கிய வரிசைகளைத் தம்பியை எண்ண வைத்திருக்கிறாள். "டீச்சர், பன்னெண்டு வரிசை, அப்புறம் நாலு. நூத்தி இருபத்தி நாலுன்னு அவனே சொன்னான்" என்றாள். அவனிடம் கொடு என்று சொல்வதற்குள் மேஸ்திரிக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஏழு நிமிடம்தான்.